விரைவாட்டச் சாதனைகளும் வரலாற்றுச் சான்றும்

தோற்றுவாய்

வரலாறு என்னுஞ் சொல்லைக் கேட்டதும் மன்னரும் போரும் உடன்படிக்கைகளுமே நம் மனத்தில் முதற்கண் தோன்றுகின்றன. ஆயினும், மனிதன் தான் இயற்றிய அருஞ்செயல்களை அளந்து எழுதிவைத்து, பின்வருவோர் அவற்றை விஞ்சுதற்கு வழிவகுத்த வரலாறும் ஒன்றுண்டு. அதனைச் சாதனை வரலாறு எனலாம். கண்டித் திரித்துவக் கல்லூரியிற் பயின்ற டங்கன் வைற் 1948ஆம் ஆண்டு இலண்டன் ஒலிம்பிக் போட்டியில் 400 மீற்றர் தடைதாண்டி ஓட்டத்தை 51.8 விநாடியில் ஓடி வெள்ளிப் பதக்கம் பெற்றார். நவரத்தினசாமி 1954ஆம் ஆண்டு வல்வெட்டித்துறையிற் கடலில் இறங்கிப் பாக்கு நீரிணையை நீந்திக் கோடிக்கரையை அடைந்தார். குமார் ஆனந்தன் 1971ஆம் ஆண்டு அந்நீரிணையை இருவழியும் 51 மணி நேரத்தில் நீந்தினார். இவை அவ்வரலாற்றில் நம் நாட்டவர் எழுதிய ஏடுகளாகும்.

இச்சாதனை வரலாற்றின் கிளைகளுள் வயதில் மிக இளையது வீடியோ விளையாட்டுக்கு உரியது. ஒரு விளையாட்டைத் தொடக்கத்திலிருந்து இறுதிவரை எத்துணை விரைவில் ஆடி முடிக்கலாம் என்பதே ஈண்டுப் போட்டிப் பொருள். ஆங்கிலத்தில் 'ஸ்பீட் றன்' என வழங்கும் இதனை இக்கட்டுரையில் விரைவாட்டம் என்று குறிப்பிடுவோம். இஃது இளைஞர் பொழுதுபோக்கேயன்றி வரலாற்றுக்கு உரிய பொருளன்று என ஒதுக்குவார் பலர். எனினும், ஒரு சாதனை எவ்வாறு உருவாகின்றது, எவ்வாறு நிறுவப்படுகின்றது, எவ்வாறு பொய்யெனத் தெளியப்படுகின்றது என்னும் மூன்றினையும் இத்துணை வெளிப்படையாகக் காட்டும் துறை பிறிதொன்று காண்டல் அரிது. மைதானத்து ஓட்டமொன்றை அதே காற்றிலும் அதே தரையிலும் மீட்டும் நிகழ்த்துதல் ஒருவராலும் இயலாது. விரைவாட்டம் நிகழுங் களமோ என்றும் மாறாதது. நாற்பது ஆண்டுக்கு முன் இயற்றப்பட்ட விளையாட்டு இன்றும் அணுவளவும் வேறுபடாது நிற்கின்றது. ஆகவே, மாறுவது மனிதனது அறிவும் பயிற்சியுமே என்பது இங்கு ஐயமின்றிப் புலனாகும்.

விளையாட்டின் இயல்பு

விரைவாட்ட வரலாற்றுக்கு எடுத்துக்காட்டாக நாம் கொள்வது 'சூப்பர் மாரியோ பிறதர்ஸ்' என்னும் விளையாட்டு. யப்பானிய நிறுவனமாகிய நின்டெண்டோ இதனை 1985ஆம் ஆண்டு செப்டெம்பர் 13ஆம் நாள் வெளியிட்டது. சிகெரு மியமோட்டோ, தகாசி தெசுக்கா என்னும் இருவர் இதன் அமைப்பில் முதன்மையானோர். மாரியோ என்னும் மீசைக்காரன் சுவர்களையும் குழாய்களையும் பள்ளங்களையும் தாவிக் கடந்து, பகைவனின் கோட்டையிற் சிறைப்பட்ட இளவரசியை மீட்பதே கதை. இங்ஙனம் மேடைக்கு மேடை தாவிச் செல்லும் விளையாட்டுகளைப் 'பிளாட்போம்' விளையாட்டுகள் என்பர். 1981ஆம் ஆண்டு வெளிவந்த 'டொங்கி கொங்' இவ்வகைக்கு முன்னோடி. மாரியோவின் முதல் தோற்றமும் அதிலேயே நிகழ்ந்தது.

சூப்பர் மாரியோ பிறதர்ஸ் உலகில் நான்கு கோடிப் படிகளுக்கு மேல் விற்பனையாயிற்று. நம் நாட்டிலும் 1990ஆம் ஆண்டுகளில், தொலைக்காட்சியோடு இணைத்து ஆடும் மலிவான போலிப் பொறிகளின் வழியாக இவ்விளையாட்டுப் பல இல்லங்களிற் புகுந்தது. இன்று நடுவயதெய்திய பலர் இதன் இசையைக் கேட்ட மாத்திரத்தே இனங்கண்டு கொள்வர்.

இவ்விளையாட்டு 8 உலகங்களாகவும், ஒவ்வோர் உலகமும் 4 கட்டங்களாகவும் வகுக்கப்பட்டது. ஆகவே கட்டங்கள் 32 ஆகும். ஆயினும் இடையிடையே மறைவான குறுக்குவழிகள் உள. முதலாம் உலகத்தின் இரண்டாங் கட்டத்தில் மறைந்துள்ள குழாயொன்றிற் புகுந்தால் நான்காம் உலகத்தை அடையலாம். நான்காம் உலகத்தின் இரண்டாங் கட்டத்திலிருந்து எட்டாம் உலகத்துக்குத் தாவலாம். இவ்வழியை மேற்கொள்வோர் 8 கட்டங்களை மட்டுமே ஆடி இறுதிக் கோட்டையை அடைவர். முதற் கட்டந் திரையில் தொடங்குங் கணத்திலிருந்து, இறுதிக் கோட்டையிலுள்ள கோடரியை மாரியோ தொடுங் கணம்வரையிலான காலமே விரைவாட்டக் காலமாகக் கணிக்கப்படும். பழக்கமில்லாத ஒருவர் பல நாள் முயன்றும் முடிக்கவியலாத இவ்விளையாட்டைத் தேர்ந்தோர் ஐந்து நிமிடத்துக்குள் முடிக்கின்றனர்.

விரைவாட்டத்தின் தோற்றம்

தொடக்கக் காலத்தில் வீடியோ விளையாட்டிற் சாதனை என்பது புள்ளிகளின் தொகையையே குறித்தது. ஐக்கிய அமெரிக்காவின் அயோவா மாநிலத்து ஒற்றம்வா என்னும் ஊரில் வோல்ற்றர் டே என்பார் 1981ஆம் ஆண்டு 'துவின் கலக்சீஸ்' என்னும் விளையாட்டுக் கூடத்தைத் தொடங்கி, அதன்பின் புள்ளிச் சாதனைகளைத் தொகுத்து வெளியிட்டு வந்தார். வீட்டுப் பொறிகள் பரவியபோது ஆட்டக்காரர் தம் தொலைக்காட்சித் திரையை நிழற்படம் எடுத்து நிறுவனங்களுக்கும் இதழ்களுக்கும் அனுப்பினர். ஒரு நிழற்படமே அக்காலத்துச் சான்று. அதன் குறைபாடு யாதென்பதைப் பின்னர் நோக்குவோம்.

காலத்தை அளக்கும் போட்டி பெருவழக்காயது 1993ஆம் ஆண்டு 'டூம்' என்னும் விளையாட்டு வெளிவந்த பின்னரேயாம். அவ்விளையாட்டில் ஆடுவோன் அழுத்திய ஒவ்வொரு விசையையும் பதிந்துவைத்து, பின்னர் அதே ஆட்டத்தை மீட்டும் ஓடவிடும் வசதி இருந்தது. அதனால் ஓரிடத்தில் ஒருவன் ஆடிய ஆட்டத்தை உலகின் மறுகோடியில் இருப்பவன் தன் கணிப்பொறியிற் கண்டு, அதிலுள்ள நுட்பங்களைக் கற்று, அதனை விஞ்ச முயன்றான். 1997ஆம் ஆண்டு 'குவேக்' என்னும் விளையாட்டின் அன்பர் பலர் கூடி, ஒவ்வொரு பகுதியையும் அதில் வல்லார் ஆடிய பதிவுகளை இணைத்து, முழு விளையாட்டையும் 19 நிமிடம் 49 விநாடியில் முடித்துக் காட்டினர். இம்மரபினின்றே 'ஸ்பீட் டெமோஸ் ஆர்க்கைவ்' என்னும் தொகுப்பு 1998ஆம் ஆண்டு தோன்றியது. ஆதியிற் குவேக் விளையாட்டுக்கே உரித்தாயிருந்த அத்தொகுப்புப் பின்னர் ஏனைய விளையாட்டுகளின் பதிவுகளையும் ஏற்றுப் பாதுகாத்தது.

இங்கு ஒன்று கருதற்பாலது. விரைவாட்டம் ஒரு துறையாக வளர்ந்தமைக்குக் காரணம் விரைவுக்கு மனிதன் கொண்ட வேட்கை மட்டுமன்று. அவ்வேட்கை என்றும் உள்ளது. செய்த ஆட்டத்தைப் பிறர் காணுமாறு வைக்கும் பதிவு கிடைத்ததே காரணம். பதிவு சான்றாகவும் பாடநூலாகவும் ஒருங்கே பயன்பட்டது.

ஐந்து நிமிட எல்லை

1954ஆம் ஆண்டு மே மாதம் 6ஆம் நாள் ஒக்ஸ்போட் நகரில் றோஜர் பனிஸ்ரர் ஒரு மைல் தூரத்தை 3 நிமிடம் 59.4 விநாடியில் ஓடினார். நான்கு நிமிடத்துக்குள் மைல் ஓடல் மனிதற்கு இயலாதென்று கருதியோர் பலர். அவ்வெல்லை கடக்கப்பட்ட 46 நாளில் அவுஸ்திரேலியரான யோன் லண்டி அதனினும் விரைந்து ஓடினார். மனிதனின் கால்வலி 46 நாளிற் கூடிவிடவில்லை. இயலும் என்னும் அறிவே கூடியது.

சூப்பர் மாரியோ பிறதர்ஸ் வரலாற்றில் அத்தகைய எல்லையாக நின்றது 5 நிமிடம். அமெரிக்கரான அன்றூ கார்டிக்கிஸ் 2007ஆம் ஆண்டு அவ்வெல்லையைத் தொட்டார். அதனுட் புகுந்து, 2011ஆம் ஆண்டு டிசெம்பரில் 4 நிமிடம் 58 விநாடி என்னும் நிலையை எய்தினார். இதன்மேல் முன்னேற்றம் இல்லையெனப் பலரும் எண்ணினர். 2014ஆம் ஆண்டு 'புளப்ளர்' என்னும் புனைபெயர் பூண்டவர் 4 நிமிடம் 57 விநாடியளவிற் கொணர்ந்தார். இத்துறையில் ஆடுவோர் பெரும்பாலும் புனைபெயராலேயே அறியப்படுவர். 2016ஆம் ஆண்டு ஒக்டோபரில் 'டார்பியன்' 4 நிமிடம் 56.878 விநாடியில் முடித்தார். அவர் தம் நாடித்துடிப்பையும் திரையின் ஒருபுறத்தே காட்டி ஆடியவர். இறுதிக் கோட்டையை அணுகுந்தோறும் அத்துடிப்பு ஏறுவதைக் கண்டோர், இருந்த இடத்தை விட்டசையாத ஒருவனும் ஓட்டப்பந்தய வீரனைப்போல் உடல்வருந்துகின்றான் என்பதை உணர்ந்தனர்.

அதன்பின் 'கொஸ்மிக்', 'சம்வீஸ்', 'மினிலண்ட்' என்போர் ஒருவரை ஒருவர் விஞ்சி 4 நிமிடம் 55 விநாடியளவுக்கு வந்தனர். 2021ஆம் ஆண்டு ஏப்பிரல் 7ஆம் நாள் 'நிஃப்ட்ஸ்கி' என்பவர் 4 நிமிடம் 54.948 விநாடியில் முடித்து, 4 நிமிடம் 55 விநாடி என்னும் எல்லையையும் கடந்தார். அவரே 2023ஆம் ஆண்டு செப்டெம்பரில் அதனை 4 நிமிடம் 54.631 விநாடியாகக் குறைத்தார். 2025ஆம் ஆண்டில் 'அவெர்ஜ் இலெவன்' என்பவரும் நிஃப்ட்ஸ்கியும் அதனினும் சில நூற்றிலொரு விநாடிகளைக் குறைத்தனர்.

2011 தொடக்கம் 2023 வரை, பன்னிரண்டு ஆண்டுகளில், குறைந்த காலம் ஏறத்தாழ மூன்றரை விநாடி. கண் நான்கு முறை இமைப்பதற்குள் கழியும் இக்காலத்துக்காகப் பன்னிரண்டு ஆண்டு உழைத்தனரா என வியத்தல் இயல்பு. அவ்வுழைப்பின் தன்மையை விளங்கிக்கொள்ள, இவ்விளையாட்டின் உள்ளமைப்பைச் சிறிது அறிதல் வேண்டும்.

இருபத்தொரு படங்களின் விதி

தொலைக்காட்சித் திரையில் இவ்விளையாட்டு ஒரு விநாடிக்கு ஏறத்தாழ 60 படங்களை வரைகின்றது. அவற்றின் தொடர்ச்சியே நம் கண்ணுக்கு அசைவாகத் தோன்றும். ஒரு கட்டத்தை முடித்து மறு கட்டத்துக்குச் செல்லும்போது, விளையாட்டு உடனே அடுத்த கட்டத்தைத் தொடங்குவதில்லை. 21 படங்களுக்கு ஒருமுறை மட்டுமே அது 'கட்டம் முடிந்ததா' எனப் பார்க்கும். 21 படமென்பது ஏறத்தாழ 0.35 விநாடி.

ஆட்டக்காரர் இதனைப் பேருந்து உவமையால் விளக்குவது வழக்கம். அதனை நம் ஊருக்குப் பொருத்திக் காண்போம். கண்டி நகரிலிருந்து 21 நிமிடத்துக்கு ஒரு பேருந்து புறப்படுகிறதெனக் கொள்வோம். பேராதனையிலிருந்து விரைந்து வந்த ஒருவர், வழக்கத்திலும் 5 நிமிடம் முந்தி நிலையத்தை அடைந்தாலும், பேருந்து புறப்படும் நேரம் மாறாது. முந்திய பேருந்தைப் பிடிக்குமளவு முந்தினாலன்றி அவர் முந்தியதனால் யாதொரு பயனுமில்லை. அதுபோல, ஒரு கட்டத்தில் 20 படம் மிச்சப்படுத்தியும் ஆட்டக்காரன் ஒன்றும் பெறாதிருத்தல் கூடும். 21ஆவது படத்தையும் மிச்சப்படுத்தினாற் 0.35 விநாடி ஒருங்கே கிடைக்கும். இறுதிக் கட்டத்துக்குப் பின் ஏறுதற்குப் பேருந்தில்லை. ஆதலால் அங்கு மட்டும் ஒவ்வொரு படமும் கணக்கில் வரும்.

இவ்விதியினால் இச்சாதனை வரலாறு சரிவாக இறங்காது படிப்படியாக இறங்கியது. ஒரு படிக்கும் மறு படிக்கும் இடையில் மாதங்களும் ஆண்டுகளும் கழிந்தன. அக்காலத்திற் சாதனைப் பட்டியலில் மாற்றமில்லை. எனினும் அன்பர்கள் கட்டந்தோறும் ஓரிரு படங்களை மிச்சப்படுத்தும் வழிகளைத் தேடிக்கொண்டிருந்தனர். ஆண்டுகளை மட்டும் நோக்கும் வரலாற்றாசிரியன் இவ்விடைக்காலத்தைத் தேக்கம் என்று எழுதுவான். உண்மையில் அஃது ஒரு பெரும் வளர்ச்சியின் கருக்காலம். நிகழ்ச்சி இல்லாத ஆண்டு வரலாறு இல்லாத ஆண்டன்று.

அங்ஙனம் கண்டறியப்பட்ட நுட்பங்களுள் ஒன்றைக் கூறுவோம். நான்காம் உலகத்தின் இரண்டாங் கட்டத்திற் குறுக்குவழி உலகத்துக்குச் செல்ல ஒரு கொடியில் ஏறவேண்டும். ஏறுதற்கு நேரஞ் செல்லும். சற்று அப்பால், நாணயங்கள் நிறைந்த அறைக்குச் செல்லும் குழாயொன்று உண்டு. விளையாட்டின் நினைவில் ஒரே வேளையில் ஒரு செல்லிடத்துக்கே இடமுண்டு. திரை முன்னோக்கி நகர்ந்து குறித்த எல்லையைக் கடந்த பின்னரே 'கொடியின் செல்லிடம்' அகன்று 'குழாயின் செல்லிடம்' அங்கு அமரும். மாரியோவைச் சுவரில் உரசுவித்துத் திரையில் வழக்கத்தினும் சற்று முன்தள்ளி நிறுத்தினால், திரை அவ்வெல்லையைக் கடக்குமுன் அவன் குழாயினுட் புகலாம். அப்போது குழாய் அவனைக் கொடியின் செல்லிடத்துக்கே கொண்டுசெல்லும். கொடியில் ஏறும் நேரம் மிச்சம்.

வேறொரு நுட்பம் கட்டத்தின் முடிவிலுள்ள கொடிக்கம்பத்தைப் பற்றியது. கம்பத்தின் அடிக்கல்லோடு ஒட்டி, குறித்த ஒரு படத்தில் குறித்த விசைகளை அழுத்தினால், கொடி இறங்கும்வரை காத்திராமலே மாரியோ அப்பாற் செல்வான். ஒரு விநாடியின் அறுபதிலொரு பங்கிற் செய்யவேண்டிய செயல் இது. இதனை ஓரிடத்திற் செய்தலே அரிது. சாதனை ஆட்டத்திற் பல கட்டங்களில் தவறாது செய்தல் வேண்டும். ஒரு கட்டத்திற் பிழைத்தால் ஆட்டத்தை முதலிலிருந்து தொடங்குவர். இங்ஙனம் ஆயிரக்கணக்கான முயற்சிகள் கழிந்த பின்னரே ஓர் ஆட்டம் நிறைவேறும்.

இந்நுட்பங்கள் யாவும் ஒருவர் கண்டவையல்ல. ஒருவர் விளையாட்டின் உள்நிரலைப் படித்து ஐயமொன்றை எழுப்புவார். மற்றொருவர் கணிப்பொறியின் துணையால் அதனை மெல்ல மெல்ல, படம் படமாக இயக்கி, இயலும் எனக் காட்டுவார். வேறொருவர் கையாற் செய்யத்தகும் எளிய முறையை வகுப்பார். இறுதியில் ஒருவர் அதனைச் சாதனை ஆட்டத்திற் செய்து முடிப்பார். பட்டியலில் இறுதியானவர் பெயர் மட்டுமே நிற்கும். போட்டியாளர் தம் நுட்பத்தை மறைத்துவைத்திருப்பின் இவ்வளர்ச்சி நிகழ்ந்திராது. தன்னை விஞ்சக்கூடியவனுக்கும் தான் கண்டதைக் கற்பிக்கும் மரபே இத்துறையை வளர்த்தது.

கணிப்பொறியின் துணையோடு ஒவ்வொரு படத்துக்கும் உரிய விசையைத் தேர்ந்து அமைத்த ஆட்டம் ஏறத்தாழ 4 நிமிடம் 54 கால் விநாடியில் முடிகின்றது. 2023ஆம் ஆண்டுச் சாதனைக்கும் இதற்கும் இடைவெளி அரை விநாடிக்குங் குறைவு. மனிதக் கை, கணிப்பு வரையறுத்த எல்லையை இத்துணை அணுகிய துறைகள் சிலவே.

சான்றும் ஐயமும்

இனி, சாதனை பொய்யாதல் எங்ஙனம் என்பதை ஆராய்வோம். மேற்கூறிய கணிப்பொறி ஆட்டமே முதலாவது படிப்பினையைத் தந்தது. 'சூப்பர் மாரியோ பிறதர்ஸ் 3' என்னும் பிந்திய விளையாட்டை மொறிமோட்டோ என்னும் யப்பானியர் ஏறத்தாழ 11 நிமிடத்தில் முடிக்கும் பதிவொன்று 2003ஆம் ஆண்டு உலகெங்கும் பரவியது. கண்டோர் பலர் அது மனிதன் நேரே ஆடிய ஆட்டமென நம்பினர். உண்மையில் அது மெதுவாக இயக்கி, தவறியபோதெல்லாம் பின்சென்று திருத்தி அமைக்கப்பட்டது. பதிவு பொய்யன்று, அதன் பிறப்பைப் பற்றிய கருத்தே பொய். செப்பேடு ஒன்று உண்மையானதாயினும் அதனை யார், எக்காலத்தில், எதற்காக எழுதினர் என்று அறியாது பயன்படுத்தும் வரலாற்றாசிரியன் வழுவுவான் அன்றோ? இதுவும் அத்தகையதே. அந்நிகழ்ச்சியின் பின் கணிப்பொறித் துணையாட்டம் வேறு, மனிதன் ஆடும் ஆட்டம் வேறு என்னும் பாகுபாடு தெளிவாக வற்புறுத்தப்பட்டது.

இரண்டாவது படிப்பினை 'டிறாக்ஸ்ரர்' என்னும் காரோட்ட விளையாட்டைப் பற்றியது. இது தாவும் விளையாட்டன்றாயினும் சான்றின் வரலாற்றில் இதற்குத் தனியிடம் உண்டு. 1980ஆம் ஆண்டு வெளிவந்த இதில், ரொட் றோஜேர்ஸ் என்பார் 1982ஆம் ஆண்டு 5.51 விநாடியில் ஓடியதாக ஒரு சாதனை பதியப்பட்டது. நிழற்படமே சான்றாகக் கொள்ளப்பட்ட காலம் அது. முப்பத்தைந்து ஆண்டு அச்சாதனை அசையாது நின்றது. பின்னர் எரிக் கொசியெல் என்னும் ஆய்வாளர் விளையாட்டின் உள்நிரலை ஆராய்ந்து, பொறியால் எய்தத்தக்க மிகக் குறைந்த காலமே 5.57 விநாடி எனக் காட்டினார். 2018ஆம் ஆண்டு சனவரியில் துவின் கலக்சீஸ் அமைப்பு அச்சாதனையைப் பட்டியலிலிருந்து நீக்கியது. நெடுங்காலம் ஏற்கப்பட்டமையால் ஒரு கூற்று உண்மையாகிவிடாது என்பதற்கு இதனினுஞ் சிறந்த உதாரணம் வேண்டுவதில்லை.

இதனைக் கேட்டு, வீடியோ விளையாட்டு பொய்க்கு இடமளிப்பது என இகழ்தல் நேர்மையன்று. மைதானத்திலும் இஃது உண்டு. கண்டி–கொழும்பு வீதியிலுள்ள வரக்காப்பொலையை அடுத்த அத்னாவலையிற் பிறந்த சுசந்திகா ஜயசிங்க 2000ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக் போட்டியில் 200 மீற்றர் ஓட்டத்தில் மூன்றாம் இடம் பெற்றார். முதலிடம் பெற்ற மரியன் ஜோன்ஸ் ஊக்கமருந்து பயன்படுத்தியதை 2007ஆம் ஆண்டு ஒப்புக்கொண்டு பதக்கங்களை இழந்தார். அதன்பின் 2009ஆம் ஆண்டிலேயே சுசந்திகாவுக்கு வெள்ளிப் பதக்கம் உரித்தாயிற்று. ஓடிய நாளில் அரங்கிற் கிடைத்திருக்க வேண்டிய சிறப்பு ஒன்பது ஆண்டு தாழ்ந்து வந்தது. பொய்ச் சாதனையால் இழப்பவர் எங்கோ இருக்கும் ஏட்டாளர் அல்லர். உண்மையாய் ஓடி இரண்டாவதாகவும் மூன்றாவதாகவும் வந்தவரே.

இத்தகைய படிப்பினைகளால் விரைவாட்டத்துறை இன்று கடுமையான விதிகளை வகுத்துள்ளது. தொடக்கம் முதல் முடிவுவரை வெட்டாத பதிவு வேண்டும். எந்தப் பொறியில், எந்தப் பதிப்பில் ஆடப்பட்டது எனக் குறித்தல் வேண்டும். ஏனெனில் யப்பானிலும் அமெரிக்காவிலும் விநாடிக்கு 60 படம் வரைந்த பொறி, ஐரோப்பாவில் 50 படமே வரைந்தது. முதன்மைச் சாதனைகளில் ஆடுவோன் கைகளையும் காட்டுமாறு கேட்பர். அதன்பின் தேர்ந்த பிறர் பதிவைப் படம் படமாக ஆராய்ந்தே ஏற்பர். வரலாற்றுத் துறையில் மூலாதார ஆய்வு என நாம் கூறுவது இதுவே. பல்கலைக்கழகம் புகாத இளைஞரும் தம் விளையாட்டின் பொருட்டு இம்முறையைத் தாமே வகுத்துக் கொண்டமை பாராட்டற்குரியது.

ஒரு தடை

'இவையெல்லாம் ஆகுக. ஒரே விளையாட்டைப் பல்லாயிரம் முறை ஆடி அரை விநாடியைக் குறைப்பதால் உலகுக்கு யாது பயன்?' என வினவுவோர் உளர். ஆசிரியத் தொழிலில் உள்ளோர் இவ்வினாவை எளிதில் தள்ளிவிடல் இயலாது. வள்ளுவர் சூதினுக்கு ஓர் அதிகாரமே வகுத்துள்ளார். ஆட்டத்தில் தன்னை மறந்து நாடிழந்த வேந்தன் கதை நம் இதிகாசத்திலேயே உண்டு. படிக்கும் பருவத்து இரவுகளைத் திரைமுன் கழித்துத் தேர்விற் பின்தங்கும் மாணவர் இன்று எவ்வூரிலும் உளர். அக்கேட்டினை மறைத்து இத்துறையைப் புகழ்வது தகாது.

ஆயினும் சூதினையும் இதனையும் ஒன்றென மயங்கலாகாது. சூது பிறன் பொருளைக் கவரும்; பயிற்சியால் வளர்வதன்று. விரைவாட்டமோ பயிற்சியையே முதலாகக் கொண்டது. இவ்வன்பர்கள் 2010ஆம் ஆண்டு முதல் ஆண்டுதோறும் கூடி, பல நாள் இடைவிடாது ஆடிக்காட்டி, அறப்பணிகளுக்குப் பொருள் திரட்டி வருகின்றனர். எல்லையற்ற மருத்துவர் அமைப்புக்கும் புற்றுநோய்த் தடுப்புப் பணிக்கும் இதனாற் பெருந்தொகை சேர்ந்துள்ளது. நாமும் ஒரு மாணவனிடம், 'நீ இதனை ஆடாதே' என்பதோடு நில்லாது, 'நீ கூறும் சாதனைக்குச் சான்று யாது? அது நிகழ்ந்தது எங்ஙனம்?' எனக் கேட்போமாயின், அவன் விளையாட்டே அவனை ஆராய்ச்சிக்கு அழைத்துச் செல்லும். பொழுதின் அளவை வரையறுத்தல் பெற்றோர்க்கும் ஆசிரியர்க்கும் உரிய கடன். பொழுதோடு சேர்த்து ஆர்வத்தையும் அறுத்துவிடல் கடனன்று.

நம் ஏடுகள்

இவ்வரலாற்றினின்று நம் பாடசாலைகள் கொள்ளத்தக்க பயன் ஒன்றுண்டு. ஆண்டுதோறும் இல்ல விளையாட்டுப் போட்டிகள் நடைபெறுகின்றன. புதிய சாதனை என ஒலிபெருக்கியில் அறிவிக்கின்றனர். எந்தச் சாதனையைக் காட்டிலும் புதியது? முந்தியது எந்நாளில், எம்மைதானத்தில், எவரால் அளக்கப்பட்டது? முன்னாளில் 440 யார் ஓட்டமாக இருந்தது இந்நாளில் 400 மீற்றர் ஆகியது. 440 யார் என்பது 402 மீற்றருக்குச் சற்று அதிகம். ஆகவே பழையவரின் விநாடியையும் புதியவரின் விநாடியையும் நேரே ஒப்பிடல் ஆகாது. கைக்கடிகாரத்தால் அளந்த காலம் மின்பொறியால் அளந்த காலத்தினும் குறைவாகத் தோன்றும். அதனால் 100 மீற்றர் ஓட்டத்தில் இரண்டையும் ஒப்பிடுவோர் 0.24 விநாடியைக் கூட்டிக் கொள்வர். இவற்றைக் குறியாது விட்ட பட்டியல் பெயர்களின் வரிசையேயன்றிச் சாதனை வரலாறு ஆகாது.

தாவி ஓடும் சிறு பொம்மையொன்றின் ஓட்டத்தை ஆயிரத்திலொரு விநாடிவரை அளந்து, பதிந்து, ஐயுற்று, ஆராய்ந்து, அதன்பின் ஏற்கும் இளைஞர் கூட்டம் உலகில் இருக்கின்றது. வியர்வை சிந்தி ஓடிய நம் மாணவரின் ஓட்டத்துக்கு அதனினுங் குறைந்த மதிப்பை நாம் அளித்தல் முறையாகுமா? ஓடியவர் பெயர், நாள், மைதானம், தூரத்தின் அளவை, அளந்த கருவி, அளந்தவர், கண்டவர் என்னும் ஏழினையும் ஒவ்வொரு சாதனைக்கும் எழுதிவைப்போமாக. பழைய ஆண்டு மலர்களிலும் ஆசிரியர் குறிப்பேடுகளிலும் சிதறிக் கிடப்பவற்றை மூத்தோர் உயிரோடிருக்கும்போதே வினவித் திரட்டுவோமாக. வரலாறு பயிலும் மாணவர் ஓராண்டுப் பணியாக இதனை மேற்கொள்ளின், நம் பாடசாலையின் சாதனை ஏடு ஐயத்துக்கிடமின்றி அமையும். அவ்வேட்டிற் பொய்யாகத் தன் பெயரைப் புகுத்த ஒருவனும் துணியான். உண்மையாய் ஓடியவன் பெயரும் மறைந்தொழியாது.